ஃபீல்டு லீடர் குடும்பமா லாயே போறோம், பாப்புவா நியூ கினில இருந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க

லாயே_போறவ

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத்தன நாளா படிச்சுட்டு மட்டும் போய்டுவேன், இன்னிக்குத்தான் எழுதுறேன். எங்க வீட்டுக்காரர பாப்புவா நியூ கினிக்கு ஃபீல்டு லீடரா அனுப்ப கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க. இருக்கப்போற இடம் லாயேங்கிற கடலோர டவுன். போதகர் பயிற்சி, உள்ளூர்கள்ல இருக்கிற ஹெல்த் சென்டருங்க, நம்ம மிஷன்ல இருந்து ஏற்கனவே அங்க இருக்கிற குடும்பங்க, எல்லாம் இவர் பொறுப்புல வருது. பொண்ணுக்கு 11, பையனுக்கு 6.

அவருக்கு ஓரியன்டேஷன் நடந்துச்சு, ஃபைல் வந்துச்சு, அக்கவுண்ட்ஸ் எப்படி பாக்கணும்னு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு? தலைல கை வெச்சு ஜெபம் பண்ணிட்டு "சிஸ்டர், நீங்க பிரதருக்கு சப்போர்ட்டா இருங்க"ன்னாங்க, அவ்வளவுதான். சப்போர்ட்டுன்னா சமையலா, கெஸ்ட் பாக்குறதா, பெண்கள் ஊழியமா, இல்ல மத்த மிஷனரி மனைவிங்க அழுதா கேக்குறதா, யாரும் சொல்லல. நான் டீச்சர் வேலைய விட்டுட்டுப் போறேன்.

பசங்க ஸ்கூல், மலேரியா, பாதுகாப்பு, அப்புறம் என் வேலை என்ன, இது நாலும்தான் மண்டைல ஓடிட்டே இருக்கு. போய் இருந்தவங்க பூசி மெழுகாம சொல்லுங்க ப்ளீஸ்.

---

மதாங்_அக்கா

வாங்க சிஸ்டர். நாங்க அதே நாட்டுல மதாங்ங்கிற ஊர்ல இருந்தோம், என் வீட்டுக்காரரும் இதே பொறுப்புலதான். ஸ்கூல் பத்தியும் மலேரியா பத்தியும் நிறைய பேர் சொல்லுவாங்க, அது ரெண்டும் சமாளிச்சுரலாம். வீடு எங்க முடியுது, ஆபீஸ் எங்க ஆரம்பிக்குது, இத மட்டும் இங்க இருக்கும்போதே கமிட்டியோட உக்காந்து பேசிருங்க. அங்க போன பிறகு பேசினா "முன்னாடி இருந்த அம்மா இப்படிச் சொல்லலையே"ன்னு வரும்.

காலைல பால் கலக்கக்கூட ஆரம்பிச்சிருக்க மாட்டீங்க, கேட்ல ஆள் நிப்பாங்க. உள்ள இருந்து ரெண்டு நாள் நடந்து வந்த பாஸ்டர், புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கேட்டு ஒருத்தர், டவுன் ஆஸ்பத்திரில இறந்த சொந்தக்காரர் உடம்ப ஊருக்குக் கொண்டுபோக பிளேன் செலவு கேட்டு ஒரு கூட்டம், ஒண்ணுமே கேக்காம ஒரு மூட்டை கௌகௌ, அதான் சர்க்கரைவள்ளிக் கிழங்க வெச்சுட்டு உக்காந்து பேச மட்டும் வந்த பாட்டி. இவங்க யார் மேலயும் குறை சொல்ல முடியாது. அது வன்டோக் சமுதாயம், அதாவது ஒரே மொழி பேசுற சொந்தபந்தம், கையில இருக்கிறவன் குடுக்கணும், நாளைக்கு அவன் வாங்கிக்கலாம், அதுதான் அங்க ஒழுங்கு. லீடர்னா பிக்மேன், ஊர்ப் பெரியவர், பிக்மேன் வீட்டுக்கு எப்ப வேணா வரலாம். தினாவ், அதான் கைமாத்துக் கடன், அது கேட்டு வர்றவங்க ஆபீஸ் பக்கமே போக மாட்டாங்க, உங்க சமையல்கட்டு வாசலுக்குத்தான் வருவாங்க, ஏன்னா அம்மா மனசு இளகும்னு அவங்களுக்குத் தெரியும். அதனால மிஷன் காசு வீட்டுல ஒரு கினாகூட (அந்த ஊர் பணம்) இருக்கக் கூடாது, அது ஊருக்கே தெரிஞ்சிருக்கணும்.

எனக்கு வழி சொன்னது அந்த ஊர் பாஸ்டர் அம்மாதான். "ஒரு ஹவுஸ் வின் போடு"ன்னாங்க. சுவர் இல்லாம கூரை மட்டும் போட்டு சுத்தி பெஞ்சு, நம்ம ஊர் திண்ணை மாதிரி. கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல போட்டோம். வர்றவங்க எல்லாரும் அங்கதான் உக்காருவாங்க, டீ அங்கதான், மீட்டிங் அங்கதான், ஜெபமும் அங்கதான். இதுல ஒரு வேடிக்கை, அவங்களுக்கும் நம்ம சோஃபால கதவ மூடிட்டு உக்கார பிடிக்கிறதே இல்ல! நாமதான் உள்ள வாங்க உள்ள வாங்கன்னு இழுத்துட்டு இருக்கோம்.

இன்னொண்ணு. அங்க நேரம் இந்தியாவ விட நாலரை மணி முன்னாடி. இங்க கமிட்டி ராத்திரி 9 மணிக்கு ஜாலியா கான்ஃபரன்ஸ் கால் போடும், உங்களுக்கு அது ராத்திரி ஒன்றரை. முதல் மாசமே பேசி நிறுத்துங்க.

---

ஜெபவீரன்77

அக்கா தப்பா நினைக்காதீங்க, படிக்கவே கஷ்டமா இருக்கு. ஊழியக்காரன் வீட்டுக்கு வேலி எதுக்கு? ஆத்துமாக்கள் தேடி வர்றப்போ வெளிய கொட்டாய்ல உக்காரு, உள்ள வராதேன்னு சொல்றதா மிஷனரி வாழ்க்கை? முந்தின காலத்து மிஷனரிங்க எல்லாம் இப்படி கணக்குப் பாத்திருந்தா அந்த தேசத்துக்கு சுவிசேஷமே போயிருக்காது. மகனையாவது மகளையாவது என்னைவிட அதிகமாய் நேசிக்கிறவன்னு மத்தேயு 10:37 சொல்லுது. சிஸ்டர், கர்த்தர் அழைச்சிருந்தா பிள்ளைங்கள அவர் பாத்துப்பார். தைரியமா போங்க.

---

பழைய_ஃபீல்டு_லீடர்

ஜெபவீரன் தம்பி, வசனம் எடுத்தா முழுசா எடுக்கணும். ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்னு 1 தீமோத்தேயு 3:5லயும் எழுதியிருக்கு. ஏலியோட மகன்கள விடுங்க, சாமுவேல் எவ்வளவு பெரிய ஆள், அவர் மகன்கள் சரியில்லாததச் சொல்லித்தானே ஜனங்க ராஜா வேணும்னு கேட்டாங்க.

முந்தின காலம்னு சொன்னீங்க. லாயே பக்கத்து கதையவே சொல்றேன். யோகான் ஃப்ளையர்ல்னு ஜெர்மன் லுத்தரன் மிஷனரி, 1886ல ஃபின்ஷாஃபன் பக்கம் கடலோரத்துல சிம்பாங்ல ஊழியம் ஆரம்பிச்சவர். கடலோரத்துல காய்ச்சல் ஆள விடல. 1892ல சாட்டல்பெர்க் மலை மேல ஸ்டேஷன் போட்டார், காய்ச்சல்ல இருந்து தப்பிக்க இடம் வேணும்னுதான். விசுவாசம் கொறஞ்சு போய் மலை ஏறினாரா? பல வருஷம் அங்கயே இருந்து வேலைய நடத்தினார். அவருக்கும் முன்னாடி 1870கள்லயே குக் தீவுப் பக்கமிருந்து ருவாடோகா மாதிரி உபதேசியார்கள் பொண்டாட்டி புள்ளைங்களோட பாப்புவா கடற்கரைல வந்து இறங்கினாங்க. அதுல எத்தன குடும்பம் காய்ச்சல்ல போச்சு, எத்தன மனைவிமார் பேர்கூட யாருக்கும் தெரியாம அந்தக் கரைலயே அடக்கமாயிட்டாங்க. அந்த தியாகத்த மதிக்கணும், ஆனா மருந்தும் வலையும் இருக்கிற காலத்துலயும் அதே சாவு வேணும்னு கேக்கக் கூடாது.

சிஸ்டருக்கு என் பங்கு. உங்க வீட்டுக்காரர் வீட்டுல இருக்கிற நாள் நீங்க நினைக்கிறத விட ரொம்பக் கம்மியா இருக்கும். லாயேல இருந்து போர்ட் மோர்ஸ்பிக்கு ரோடே கிடையாது, பிளேன்தான். ஏர்போர்ட் இருக்கிறது நட்ஸாப்ல, டவுன்ல இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல. அதிகாலை ஃப்ளைட்டுன்னா இருட்டுல கிளம்பணும், அந்த ரோட்டுல இருட்டுப் பயணம் யாருக்கும் பிடிக்காது. உள்ள போகணும்னா எம்ஏஎஃப்ங்கிற மிஷன் விமான சேவை மாதிரி சின்ன பிளேன், மேகம் இறங்கிட்டா புல்தரைல ரெண்டு நாள் காத்துட்டு கெடக்கணும். "வியாழக்கிழம வந்துடுவேன்"னு அவர் பிள்ளைங்ககிட்ட சொல்லவே கூடாது, "மேகம் விட்டா வர்றேன்"னு சொல்லச் சொல்லுங்க. வாரத்துல ஒரு நாள் வீட்டு நாள்னு காலண்டர்ல எழுதி அத செக்ரட்டரி கையில குடுத்துடணும். அவர் கையில இருந்தா அந்த நாள் தங்காது, ஃபீல்டு லீடர்களுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வராது.

தமிழ் ஆள் யாரும் இருக்க மாட்டாங்கன்னு பயப்படாதீங்க. மேற்கு நியூ பிரிட்டன் மாகாணத்துல 2012ல ஆளுநர் ஆனவரே நம்ம ஆளு, சசீந்திரன் முத்துவேல்.

---

நைட்_டியூட்டி_நர்ஸ்

மலேரியாவ சமாளிச்சுரலாம்னு அக்கா ஒரு வரில முடிச்சுட்டாங்க, நான் கொஞ்சம் இழுக்கிறேன், மன்னிச்சுக்கோங்க.

லாயே தாழ்வான கடலோர ஊர், மழை கொட்டிட்டே இருக்கும், வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல. மலேரியா வருஷம் முழுக்க உண்டு. அதுல ரெண்டு வகை, ஃபால்சிபாரமும் இருக்கு, வைவாக்ஸும் இருக்கு. ஃபால்சிபாரம் அவசரம், விட்டா குழந்தை உயிருக்கே ஆபத்து. வைவாக்ஸ் வேற மாதிரி தொல்லை, ஈரல்ல ஒளிஞ்சிருந்து மாசக்கணக்குல கழிச்சு திரும்ப வரும், நீங்க ஊருக்கு லீவுல வந்தப்போகூட வரலாம். குளோரோகுயின்ங்கிற பழைய மலேரியா மருந்து முடிஞ்ச கதை, வைவாக்ஸ் அந்த மருந்துக்கு அடங்கலைங்கிற முதல் ரிப்போர்ட்டே 1989ல இந்த நாட்டுல இருந்துதான் வந்துச்சு.

ஈரல்ல இருக்கிறத அழிக்க பிரைமாகுயின்ங்கிற மாத்திரை குடுப்பாங்க. ஆனா ஜி6பிடிங்கிற என்சைம் ரத்தத்துல குறைவா இருக்கிறவங்களுக்கு அது ரத்த அணுக்கள உடைச்சுடும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டுல நாலு பேருக்கும் ஜி6பிடி டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்ட பாஸ்போர்ட்டோட வெச்சுக்கோங்க. அங்க போய் காய்ச்சல்ல படுத்துட்டு லேப் தேட வேணாம்.

தடுப்பு மாத்திரை: பையனுக்கு 6 வயசுதான், 8 வயசுக்குக் கீழ டாக்ஸிசைக்ளின் பொதுவா குடுக்க மாட்டாங்க. பொண்ணுக்கு குடுக்கலாம், ஆனா வெயில் பட்டா தோல் எரியும். மெஃப்ளோகுயின் வாரம் ஒரு தடவதான், வசதி, ஆனா சிலருக்கு கெட்ட கனவு, பதட்டம், மனச்சோர்வு வரும், குழந்தை ராத்திரி அலறினா "ஊர் ஏக்கம்"னு விட்டுடாதீங்க, மாத்திரையாவும் இருக்கலாம். அட்டோவாகுவோன்-புரோகுவானில் தினமும் போடணும், குழந்தைக்கு எடைய வெச்சு அளவு, விலை கூட. எதுன்னு டிராவல் மெடிசின் பாக்கிற டாக்டர் முடிவு பண்ணட்டும். நிறைய குடும்பங்க முதல் வருஷம் போட்டுட்டு அப்புறம் நிறுத்திடுவாங்க, பெரியவங்க நிறுத்துறத நான் கேள்வி கேக்கல, சின்னவனுக்கு டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க.

காய்ச்சல்னா அன்னிக்கே டெஸ்ட். கிட் வீட்டுலயே வெச்சுக்கலாம். லீடர் வீடுங்கிறதால ஒரு ஆபத்து இருக்கு, வீட்டுல கெஸ்ட் இருக்காங்க, மீட்டிங் இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளுவீங்க. அந்த நாளைக்குத்தான் பிரச்சனையே. மலேரியா கொசு சாயங்காலம் இருட்ட ஆரம்பிக்கும்போதே கடிக்கும், டெங்கு கொசு பகல்ல. அந்த ஹவுஸ் வின் மீட்டிங் எல்லாம் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடுங்க, இது ஊழியத்துக்கும் நல்லதுதான் 😀

போலியோ, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் கேளுங்க. போலியோ அங்க 2018ல திரும்ப வந்துச்சு.

---

லாயே_போறவ

நர்ஸ் சிஸ்டர், ஜி6பிடி டெஸ்ட் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல, ரொம்ப நன்றி. கமிட்டி குடுத்த லிஸ்ட்ல "கொசு வலை" மட்டும் இருக்கு.

பொண்ணுதான் கவலை. பையன் எங்க விட்டாலும் விளையாடுவான். அவ மூஞ்ச தூக்கி வெச்சுட்டு இருக்கா, "உங்களுக்குத்தான் அழைப்பு, எனக்கு ஒண்ணும் வரலையே"ன்னு கேக்குறா. அவங்க அப்பா சிரிச்சுட்டார், எனக்கு சிரிப்பு வரல.

---

எம்கே_பையன்

மிஷனரி புள்ள நான், வளந்தது அங்கதான், இப்போ எனக்கே ஒரு பொண்ணு இருக்கா. உங்க பொண்ணு கேட்டது நல்ல கேள்வி, அவள அடக்காதீங்க.

ஸ்கூல் விஷயம் முதல்ல. அங்க வருஷம் ஜனவரி கடைசி, பிப்ரவரில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடியும். இங்க ஜூன்ல சேந்து நவம்பர்ல கிளம்பினா பாதி கிளாஸ் பாதி கிளாஸா தொங்கும், அதனால வருஷ ஆரம்பத்துக்கு போய்ச் சேருற மாதிரி பிளான் பண்ணுங்க. லாயேலயே இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கு. ஹைலண்ட்ஸ்ங்கிற மலைப்பகுதில உகரும்பாங்கிற ஊர்ல எஸ்ஐஎல் மொழிபெயர்ப்பு மிஷன் சென்டர், அங்க ஒரு ஸ்கூல், 1,500 மீட்டருக்கு மேல, குளுகுளுன்னு இருக்கும். லாயேல இருந்து ஹைலண்ட்ஸ் ஹைவேல மார்க்கம் பள்ளத்தாக்கு தாண்டி காசம் பாஸ் ஏறணும். நான் வீட்ட விட்டுத் தங்கித்தான் படிச்சேன். ஹாஸ்டல்னாலே புள்ளைங்க பாழாயிடும்னு இங்க சில பேர் எழுதுவாங்க, எனக்கு அப்படி இல்ல, சொல்லப்போனா அங்கதான் நான் லீடரோட பையனா இல்லாம சும்மா ஒரு பையனா இருந்தேன். ஆனா 11 வயசுல அவளாக் கேக்காம அனுப்பாதீங்க.

டவுன்ல ஒரு கஷ்டம் முன்னாடியே அவகிட்ட சொல்லிடுங்க. இங்க சைக்கிள எடுத்துட்டு ஃப்ரெண்டு வீட்டுக்கு தனியா போயிருப்பா. லாயேல ஒரு பொம்பளப் புள்ள தனியா ரோட்டுல நடக்கிறது கிடையாது. வேலி, கேட், காவலாளி, கார். அந்தச் சுருக்கம் முதல்ல மூச்சு முட்டும். காம்பவுண்டுக்குள்ளயே உள்ளூர் பாஸ்டர் வீட்டுப் புள்ளைங்க இருந்தா பாதி பிரச்சனை தீந்துச்சு. அந்தப் புள்ளைங்களோட விளையாடியே உங்களுக்கு முன்னாடி டோக் பிசின், அதான் அந்த ஊர் பொதுமொழி, பேச ஆரம்பிச்சுடுவா, சந்தைல உங்களுக்கு அவதான் பேசுவா.

இப்போ எனக்கு நிஜமா கோவம் வந்த விஷயம். மலேரியா இல்ல, ஹாஸ்டல் இல்ல, ஜெபக் கடிதம், அதான் ஊர்ல இருக்கிற சபைகளுக்கு மிஷனரிங்க அனுப்புற லெட்டர். கணக்குல நான் ஃபெயில் ஆனது ஜெபக் கடிதத்துல வந்துச்சு, "எங்கள் மகனின் படிப்புக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்"னு, ஃபோட்டோவோட. லீவுக்கு ஊருக்கு வந்தா, முன்ன பின்ன பாத்திராத ஒரு சபைல, முன்ன பின்ன பாத்திராத ஒரு அங்கிள் கையப் புடிச்சுட்டு "தம்பி, இப்ப மேத்ஸ் எப்படி?"ங்கிறார். அங்க இருந்து அடுத்த சபை, அங்க ஒரு ஆன்ட்டி. அன்புதான், தெரியும். ஆனா அது என் மார்க்கு. கடிதம் போறதுக்கு முன்னாடி உங்க பொண்ணு படிக்கட்டும், அவ அடிச்ச வரி அடிச்சதுதான். இப்போ அது வாட்ஸப்ல சுத்துது, இன்னும் மோசம்.

ரெண்டு நாட்டுக்கும் நடுவுல வளர்ற புள்ளைங்கள மூன்றாம் கலாச்சாரப் பிள்ளைகள்னு சொல்றாங்கல்ல, 1950கள்ல ரூத் யூசீம்னு ஒரு சமூகவியலாளர் சொன்னது, இந்தியாவுல இருந்த அமெரிக்கக் குடும்பங்களப் பாத்து. திரும்பி வர்றப்போதான் அது புரியும். போறப்போ எல்லாரும் டாட்டா காட்டுவாங்க, திரும்பி வந்து ஸ்கூல்ல உக்காரும்போது யாரும் கேக்க மாட்டாங்க.

---

ஜெபவீரன்77

ஜெபக் கடிதம் விஷயம் ஒத்துக்கிறேன் தம்பி, எங்க சபைலயும் அப்படித்தான் வாசிக்கிறோம், யோசிக்கல. ஆனா வேலி விஷயத்துல நான் மாறல. ராத்திரி ஒருத்தர் உயிருக்குப் பயந்து கேட்ல நின்னா ஹவுஸ் வின்ல உக்காருங்க, நாளைக்கு ஆபீஸ் டைம்ல பேசலாம்னா சொல்வீங்க?

---

மதாங்_அக்கா

அது நடந்துச்சு தம்பி, அதனால சொல்றேன்.

அங்க சங்குமான்னு ஒண்ணு இருக்கு, சூனியம். ஊர்ல திடீர்னு ஒருத்தர் செத்தா யாராவது ஒரு பொம்பளையக் காட்டுவாங்க, அநேகமா கேக்க ஆளில்லாத பொம்பள, விதவை. அடிச்சு, சுட்டு, கொன்னே போடுவாங்க. சூனியம் வெச்சதா குத்தம் சாட்டப்பட்டவங்கள கொன்னா தண்டனை குறையற மாதிரி ஒரு பழைய சட்டம் 1971ல இருந்தே இருந்துச்சு, 2013லதான் எடுத்தாங்க, எடுத்தும் ஊர்ல நிக்கல. நாட்டுல 95 சதவீதம் பேர் கிறிஸ்தவங்க, ஞாயித்துக்கிழமை சபை நிறைஞ்சிருக்கும், திங்கக்கிழமை இது நடக்கும். உங்க வீட்டுக்காரர் போய் சந்திக்கப்போற நிஜமான வேலை இதுதான் சிஸ்டர், ஃபைல்ல இருக்காது.

அப்படி ஒரு அம்மா ரெண்டு பிள்ளைங்களோட ராத்திரி கேட்டுக்கு வந்தாங்க. இவர் ஊர்ல இல்ல. காவலாளி என்னப் பாத்தார். கதவத் திறந்து உள்ள, பிள்ளைங்க ரூம்லயே படுக்க வெச்சேன். காலைல சொந்தக்காரங்க கூட்டமா வந்து கேட்ல கத்தினாங்க, என் பசங்க ஜன்னல்ல பாத்துட்டு நின்னாங்க. சபை பெண்கள் சங்கத் தலைவி வந்து, போலீஸையும் கூட்டிட்டு வந்து, அந்த அம்மாவ வேற மாகாணத்துக்கு அனுப்புற வரைக்கும் எங்க வீட்டுலதான்.

எல்லா நாளும் கதவு தொறந்தே கிடந்திருந்தா அன்னிக்கு தொறக்க எனக்குத் தெம்பு இருந்திருக்காது. தினம் தினம் கைமாத்து கேட்டு வர்றவங்களால எரிஞ்சு போன பொம்பளையாத்தான் இருந்திருப்பேன், காவலாளிகிட்ட "ஐயா வரட்டும், அப்புறம் பாக்கலாம்"னு சொல்லிருப்பேன். வேலி எதுக்குன்னு கேட்டீங்கல்ல, இதுக்குத்தான்.

அப்புறம் சிஸ்டர், உங்க வேலை என்னன்னு கேட்டீங்க, யாரும் அத எடுக்கல பாருங்க! முடிவு எடுக்கிற பொறுப்பு இவர் இல்லாதப்போ யாருக்குன்னு எழுத்துல வாங்குங்க. அவர் புல்தரைல மேகம் பாத்துட்டு நிக்கும்போது முடிவு எடுக்கப்போறது நீங்கதான். பேர் இல்லாத வேலைல நல்லது நடந்தா ஐயாவுக்கு, தப்பு நடந்தா அம்மாவுக்கு. டீச்சர்ங்கிறீங்க, அங்க டீச்சருக்கு ஏகப்பட்ட தேவை இருக்கு, அதையும் அந்த லெட்டர்ல கேளுங்க. டோக் பிசின இப்பவே ஆரம்பிங்க, முழு பைபிளும் 1989ல இருந்தே இருக்கு, தெரிஞ்ச கதைங்கிறதால படிக்கப் படிக்க தானா வரும்.

---

பழைய_ஃபீல்டு_லீடர்

பாதுகாப்புக்கு ரெண்டே வரி. 2024 ஜனவரி 10, போர்ட் மோர்ஸ்பில சம்பளத்துல பிடிச்சுட்டாங்கன்னு போலீஸ்காரங்க வேலைய நிறுத்தினாங்க, அன்னிக்கே கடைகள் எரிஞ்சது, 20 பேருக்கு மேல செத்தாங்க. அந்த மாதிரி நாள்ல லீடர் ஊர்ல இருக்க மாட்டார், இதுவும் விதி மாதிரி. வீட்டுல சில நாளைக்கு தண்ணி, அரிசி, மருந்து, கார்ல டீசல், யார் வீட்டுல போய் சேரணும்னு முடிவு, இது அம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

---

லாயே_போறவ

எல்லாருக்கும் நன்றி, பிரிண்ட் எடுத்து அவர்கிட்ட குடுத்தேன், ராத்திரி முழுக்க பேசினோம். கமிட்டிக்கு லெட்டர் போட்டாச்சு. எனக்கு பொறுப்பு எழுத்துல வேணும், லாயே ஸ்கூல்ல பொண்ணு சேரணும், ஹாஸ்டல் பேச்சு அவளா எடுத்தாத்தான், ராத்திரி கால் கிடையாது, ஒரு ஹவுஸ் வின். பொண்ணு ஜெபக் கடித சட்டத்த அவளே ஒரு பேப்பர்ல எழுதி அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டா. இன்னும் மூஞ்சு சரியாகல, ஆனா டோக் பிசின் வீடியோ பாக்குறா.

கமிட்டில இருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்திருக்கு, ஹவுஸ் வின்னுக்கு எஸ்டிமேட் எவ்வளவுன்னு. சகூ பனை ஓலை போட்டா சீப்பா முடியுமாமே?

---

மதாங்_அக்கா

மொராட்டா, அதான் அந்த சகூ ஓலைக் கூரை, பாக்க அழகா இருக்கும், கீழ குளிர்ச்சி. ஆனா லாயே மழைக்கு சீக்கிரம் மக்கும், ஆள் வெச்சு மாத்திட்டே இருக்கணும். தகரமே கேளுங்க, கூரைத் தண்ணியயும் டேங்க்ல பிடிச்சுக்கலாம்.

---

பழைய_ஃபீல்டு_லீடர்

தகரம் போட்டா மழை பெய்யுறப்போ பக்கத்துல இருக்கிறவர் பேசுறதுகூட கேக்காது.

---

மதாங்_அக்கா

கமிட்டி மீட்டிங்குக்கு அது நல்லதுதானே அண்ணே 😄